இடது பக்கச் சுவர்

மாஸ்டருக்கு வீட்டிலும் கால் சும்மா இருக்காது. டிவியில் ஏதாவது ஒரு வண்டி வளைவில் வேகமாக வந்தால் போதும், சோபாவில் சாய்ந்திருப்பவரின் வலது பாதம் தரையை அழுத்தும். டிரைவிங் ஸ்கூலில் வண்டி பழகுகிறவர்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாக வைத்திருக்கும் பிரேக்கை நாள் முழுக்க மிதித்து வந்த பழக்கம் அது. அதைப் பார்த்து அவர் மனைவி விழுந்து விழுந்து சிரித்தது ஒரு காலம். இப்போது அவளுக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

அவள் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். கடைக்கு வருகிற கிழவர்களிலிருந்து கடை முதலாளி வரைக்கும் எல்லாருக்கும் அவள் அக்காதான். காலையில் கவுண்டருக்குப் பின்னால் போய் நின்றால் சாயங்காலம் வரை நின்றபடிதான். வீடு வந்து செருப்பைக் கழற்றும்போது கணுக்கால் வீங்கி, வார் பதிந்த தடம் பள்ளமாகத் தெரியும். அவர் பகலெல்லாம் "கிளட்ச், கிளட்ச்" என்று கத்திவிட்டு வருவார். அவள் "சாப்பாட்டுக்கு முன்னாடி, சாப்பாட்டுக்குப் பின்னாடி" என்று சொல்லிச் சொல்லி வாய் வறண்டு வருவாள். ஒரே மகளையும் தூரத்தில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. சாயங்கால வேளையில் அந்த வீட்டில் இரண்டு பேர் இருக்கிற சத்தமே கேட்காது.

வீட்டை ஒட்டினாற்போல் ஒரு கார் ஷெட் இருந்தது. கட்டியவர் எந்த வண்டியை மனதில் வைத்துக் கட்டினாரோ தெரியாது, இப்போதைய வண்டி உள்ளே போனால் இரண்டு பக்கமும் மூச்சு விடக்கூட இடமிருக்காது. வலது பக்கம் சமையலறைக்குப் போகிற கதவு. இடது பக்கச் சுவரோரமாக, ஷெட்டின் கடைக்கோடியில், துணி துவைக்கிற மெஷின். தெருவும் குறுகல்தான். வெளியே விட்டால் குப்பை வண்டிக்காரன் காலையில் வந்து ஹாரன் அடித்தே கொன்றுவிடுவான். அதனால் வண்டியை உள்ளே விட்டே ஆக வேண்டும். இத்தனை வருடமாக மாஸ்டர் அதை ஒரு வேலையாகவே நினைத்ததில்லை. ஒரே வீச்சில் உள்ளே நுழைந்து, கதவைப் பாதி திறந்து, வயிற்றை எக்கிக்கொண்டு இறங்கி வந்துவிடுவார்.

மழை தொடங்கிய சமயத்தில்தான் முதல் தடவை வண்டியின் இடது பக்கக் கண்ணாடி வாசல் தூணில் மோதி உடைந்தது. மழைத் தண்ணீர் என்றார். கொஞ்ச நாள் கழித்து இடது பக்கக் கதவு நெடுக ஒரு கீறல். ஷெட்டில் பல்பு சரியில்லை என்றார். பல்பை மாற்றிய அதே வாரம் வண்டி போய் வாஷிங் மெஷினை முட்டி, மெஷினின் மூலை சப்பிப்போனது. அந்த முறை மெஷினை அங்கே வைத்ததே தப்பு என்றார்.

"அது அங்கதாங்க இருக்கு, நம்ம இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து," என்றாள் அக்கா.

"இருந்தா? தப்பு தப்புதான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஏணி போட்டு ஏறி, ஷெட்டின் கூரைக் கம்பியில் ஒரு பந்தைக் கட்டித் தொங்கவிட்டார். வண்டி சரியான இடத்துக்கு வந்ததும் பந்து முன் கண்ணாடியைத் தொடும், அங்கே நிறுத்திவிடலாம். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்காவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. வண்டி பழக வருகிறவர்கள் யாராவது இப்படி ஒரு யோசனை கேட்டால் அவர் எப்படிக் கிண்டல் செய்வார் என்று அவளுக்குத் தெரியும். "ரோட்ல எவன் உங்களுக்குப் பந்து கட்டித் தொங்கவிடுவான்? கண்ணு எதுக்கு இருக்கு, கண்ணாடி எதுக்கு இருக்கு?" என்று கேட்பார். அதை வீட்டில் வந்து நடித்தும் காட்டியிருக்கிறார்.

"என்ன திடீர்னு?" என்று கேட்டாள்.

"பந்து தொங்கினா உனக்கென்ன? துணி காயப்போட இடைஞ்சலா இருக்கா?"

ஞாயிற்றுக்கிழமையையும் சண்டைக்குக் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

பந்தோடு நிற்கவில்லை. எதிர்ச் சுவரில் ஓட்டுகிறவர் மூக்குக்கு நேராகச் சிவப்பு டேப் ஒன்றை ஒட்டினார். டேப்பைப் பார்த்தபடி வந்தால் வண்டி நேராக வரும் என்பது கணக்கு. முன் சக்கரம் வந்து தட்டி நிற்கத் தரையில் ஒரு மரச் சட்டத்தை அடித்தார். மூலையில் வட்டக் கண்ணாடி ஒன்றை மாட்டினார். அதுவும் போதாதென்று, மகள் படுத்திருந்த பழைய மெத்தையைக் கத்தியால் துண்டு போட்டு இடது பக்கச் சுவர் முழுக்க ஒட்டினார். ஷெட் ஏதோ சர்க்கஸ் கூடாரம் மாதிரி ஆகிவிட்டது.

இவ்வளவுக்கும் பிறகும் வண்டி இடது பக்கமே ஒதுங்கியது. யாரோ அந்தப் பக்கமிருந்து கயிறு கட்டி இழுப்பதுபோல் ஒதுங்கியது. சாயங்காலம் அக்கா முந்தி வந்துவிட்ட நாட்களில், ஹாரன் கேட்டதும் அவள் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வாசலுக்கு வர வேண்டும். வீங்கிய காலோடு நின்று, "வரலாம், வரலாம், ரைட்டு ஒடிங்க, இன்னும் ஒடிங்க, போதும்" என்று கை காட்ட வேண்டும்.

"போதும்னா எதுக்குப் போதும்? ஒடிச்சது போதுமா, வந்தது போதுமா?" என்று உள்ளேயிருந்து கத்துவார். ஊருக்கெல்லாம் வண்டி சொல்லிக் கொடுக்கிறவர்.

"எனக்கு நின்னது போதும்," என்று சொல்லிவிட்டு ஒரு நாள் அவள் உள்ளே போயே போய்விட்டாள்.

அவரிடம் வேறு சில மாறுதல்களும் இருந்தன. அக்கா அவற்றைப் பார்க்காமல் இல்லை. ஆனால் பார்த்ததை அலுப்பு என்ற ஒரே பெட்டியில் போட்டு மூடிவிட்டாள். சோபாவில் எப்போதும் நடுவில் உட்காருகிறவர், இப்போது இடது கோடிக்குப் போய்விட்டார். ஃபேன் காற்றுக்காக என்று நினைத்தாள். சாப்பாட்டு மேஜையில் அவருக்கு இடது கைப்பக்கம் வைத்த தண்ணீர் டம்ளர் அடிக்கடி கவிழ்ந்தது. கவனமில்லை என்று நினைத்தாள். அந்தப் பக்கமாக வந்து நின்று அவள் ஏதாவது காட்டினால் திரும்பியே பார்க்கமாட்டார். அதுதான் அவளுக்கு வலித்தது. இத்தனை வருஷம் கழித்து மனுஷனுக்கு என் முகம் சலித்துவிட்டது போலிருக்கிறது என்றுகூட நினைத்துக்கொண்டாள். அப்புறம் கழுத்து வலி. தினமும் கழுத்து பிடித்துக்கொண்டுதான் வீடு திரும்புவார். கடையிலிருந்து தைலம் கொண்டுவந்து அவள் தேய்த்து விடுவாள். தேய்க்கும்போதே அவருக்குத் தூக்கம் வந்துவிடும், அவளுக்கும்.

ஒரு நாள் மருந்துக் கடையின் இரும்புக் கதவு பாதியில் சிக்கிக்கொண்டது. சரி செய்கிறவன் வந்து பார்த்துவிட்டு, இன்று திறக்காது என்று கையை விரித்தான். அக்காவுக்கு எதிர்பாராத அரை நாள் விடுமுறை. வீட்டுக்கு வந்து வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு நாற்காலியிலேயே கண் அசந்துவிட்டாள். எழுந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. காலையில் மெஷினில் போட்ட துணியை எடுக்காதது நினைவுக்கு வந்து ஷெட்டுக்குப் போனாள்.

மெஷினுக்குள்ளிருந்து ஈரப் போர்வையை உருவிக்கொண்டிருக்கும்போது தெருவில் வண்டிச் சத்தம் கேட்டது. ஷெட் கதவைக் காலையிலிருந்து திறந்தேதான் வைத்திருந்தார்கள். வெளிச்சம் உள்ளே அடித்தது. அவள் போர்வையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இடது பக்கச் சுவரோடு ஒட்டி நின்றாள். ஓடிப் போயிருக்கலாம். ஆனால் வண்டியில் வருகிறவர் அவள் புருஷன். எதிரே நிற்கிற ஆளைப் பார்த்தால் நிறுத்தமாட்டாரா? ஒரு கையைத் தூக்கியும் காட்டினாள்.

அவர் நிறுத்தவில்லை. அவர் முகம் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, கண் கொட்டாமல் பந்தையே பார்த்துக்கொண்டு வந்தார். வண்டியின் மூக்கு வழக்கம்போல இடது பக்கம் ஒதுங்கி, மெதுவாக, மிக மெதுவாக வந்து, அவள் இடுப்பை மெத்தைக்குள் அழுத்தியது. அவள் "என்னங்க" என்று கத்தினாள். இன்ஜின் சத்தத்தில் அது எங்கே போயிற்றோ. சரியாக அந்த நேரம் பந்து கண்ணாடியைத் தொட்டது. வண்டி நின்றது.

அவர் இன்ஜினை அணைத்துவிட்டு வலது பக்கமாக இறங்கினார். சமையலறைக் கதவைப் பார்த்துச் சந்தோஷமாகச் சொன்னார்.

"வந்து பாரு! இன்னிக்கு ஒரே தடவைல விட்டுட்டேன். பந்து தொட்டுச்சு, நின்னுடுச்சு."

"என்னங்க," என்றாள் அக்கா, அவருக்குப் பின்னாலிருந்து. மூச்சு முழுசாக வரவில்லை. "வண்டியப் பின்னாடி எடுங்க."

அவர் திரும்பினார். முதலில் போர்வையைத்தான் பார்த்தார். அப்புறம்தான் அதற்குள் ஆள் இருப்பது தெரிந்தது.

அவர் எப்படித் திரும்ப ஏறினார், சாவியை எப்படித் திருப்பினார் என்பது பிறகு அவருக்கே நினைவில் இல்லை. வண்டி பின்னால் நகர்ந்ததும் அக்கா மெத்தையோடு வழுக்கித் தரையில் உட்கார்ந்தாள். எலும்பு எதுவும் உடையவில்லை. மெத்தை இல்லாமல் வெறும் சுவராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இருவரும் நினைத்தார்கள்.

சமையலறையில் நாற்காலியில் சாய்ந்து, துணியில் சுற்றிய ஐஸை இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள் அக்கா. அவர் டீ போட்டு வந்து வைத்தார். சர்க்கரை போட மறந்திருந்தார்.

"மெத்தைல தட்டுதுன்னு நெனச்சேன்," என்றார்.

"நான் கையத் தூக்கிக் காட்டினேன்."

"நான் பந்தப் பாத்துட்டு வந்தேன்."

"பந்தப் பாத்தா ஆளு தெரியாதா? நான் என்ன ஊசியா?"

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கவிழ்ந்த டம்ளர்களும் சோபாவின் இடது கோடியும் அந்தக் கழுத்து வலியும் ஒவ்வொன்றாக அவள் மனதுக்குள் வந்து நின்றன. டீயில் கிடந்த ஸ்பூனை எடுத்து உதறினாள்.

"எதுர்ல உக்காருங்க."

"எதுக்கு?"

"உக்காருங்கன்னா உக்காருங்க. என் மூக்க நேராப் பாருங்க. கண்ணு அசையக் கூடாது. ஸ்பூன் தெரிஞ்சதும் சொல்லுங்க."

வலது பக்கம் காதுக்கு நேராக ஸ்பூனைக் கொண்டு வந்த உடனே, "தெரியுது" என்றார். அடுத்து இடது பக்கம் கொண்டு போனாள். காதுக்கு நேராகக் காட்டினாள். கொஞ்சம் முன்னே கொண்டு வந்தாள். இன்னும் கொஞ்சம். ஸ்பூன் அவர் கன்னத்தைத் தாண்டி வந்துவிட்டது. அவர் அவள் மூக்கையே பார்த்தபடி, ஸ்பூனுக்காகக் காத்திருந்தார். ஒரு சின்னப் பிள்ளை பரிசுப் பொருளுக்குக் காத்திருப்பதுபோல அவ்வளவு பொறுமையாகக் காத்திருந்தார். அவருடைய மூக்கு நுனிக்குக் கிட்டே வந்த பிறகுதான், "ஆங், இப்பத் தெரியுது. எங்கேருந்து வந்துச்சு?" என்றார்.

அக்கா ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"எத்தனை நாளா?"

"என்ன எத்தனை நாளா?"

"என்கிட்டயே மறைக்காதீங்க. எனக்கு இடுப்பு வலிக்குது, சண்டை போடத் தெம்பில்ல."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். வெகுநாளாக அப்படித்தான் துடைத்துக்கொண்டிருக்கிறார் என்பதும் அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஓரத்துல ஒரு மங்கல் மாதிரி இருந்துச்சு. கண்ணாடி அழுக்குன்னு நெனச்சேன். அப்புறம் வயசுன்னு நெனச்சேன். வலி இல்ல, எரிச்சல் இல்ல. திரும்பிப் பாத்தா எல்லாம் தெரியுது. அதான் கழுத்தத் திருப்பித் திருப்பிப் பாத்துப்பேன்."

"ஸ்கூல் வண்டில?"

"வண்டி ஓட்டறது அவங்கதானே. நான் சும்மா பக்கத்துல உக்காந்து..."

"பிரேக் உங்க கால்ல இருக்கு," என்றாள் அக்கா. "பழக வர்றவங்களுக்கு எதுவும் தெரியாதுன்னுதானே உங்கள உக்கார வெச்சிருக்காங்க? ஒரு சைக்கிள்காரன் எடது பக்கமா வந்தா யாரு பாப்பா?"

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "நாளைக்கு எங்கிட்ட பழகற பேங்க் மேடத்துக்கு லைசன்ஸ் டெஸ்ட் இருக்கு. அது மட்டும் முடிஞ்சிடட்டும்," என்றார்.

"நீங்க சொல்றீங்களா, நான் போன் பண்ணட்டுமா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தியிருப்பார், அப்படியே அது வழக்கமான சண்டையாகி விடிந்திருக்கும். அவர் எழுந்து வண்டிச் சாவியை எடுத்து வந்து மேஜையில் அவள் பக்கமாக வைத்தார். பிறகு வாசலுக்குப் போய் நின்று போன் செய்தார். வேறு யாரோ ஒருவருடைய செய்தியைச் சொல்வதுபோல, முதுகைக் காட்டிக்கொண்டு, சின்னக் குரலில் பேசினார்.

கண் ஆஸ்பத்திரியில் காத்திருந்தே பாதி நாள் போனது. கண்ணில் மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். மறுபடி கூப்பிட்டார்கள். மறுபடி உட்கார வைத்தார்கள். கடைசியில் ஒரு இருட்டறையில், ஒரு கிண்ணம் போன்ற மெஷினில் தாடையை வைக்கச் சொன்னார்கள். எங்காவது சின்ன வெளிச்சம் மின்னினால் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். அறைக்குத் திரை மட்டும்தான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்காவுக்குத் திரைக்கு அடியில் அவருடைய கால் தெரிந்தது. பட்டன் கிளிக் என்னும்போதெல்லாம் வலது பாதமும் தரையை மிதித்தது. கிளிக், மிதி. கிளிக், மிதி. அப்புறம் ஒன்றுமில்லை. பாதம் அசையாமல் அப்படியே இருந்தது. வெளிச்சம் நின்றுவிட்டதோ, டெஸ்ட் முடிந்துவிட்டதோ என்று நினைத்தாள். முடியவில்லை. வெளிச்சம் வந்துகொண்டுதான் இருக்கிறது, அவருக்குத் தெரியாத பக்கத்தில் வருகிறது என்று புரிந்ததும் அவள் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கண் டாக்டர் சின்ன வயசுக்காரி. அவளும் காலையிலிருந்து ஆள் மாற்றி ஆள் பார்த்துக் களைத்திருந்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"கண்ணுக்குள்ள அழுத்தம் கூடியிருக்குங்க. அது நரம்பக் கொஞ்சம் கொஞ்சமா அரிச்சிடும். எடது கண்ணுல பார்வை பெரும்பாலும் போயிடுச்சு. வலது கண்ணுலயும் மூக்குப் பக்கத்துப் பார்வை போக ஆரம்பிச்சிருக்கு. அதனாலதான் உங்களுக்கு அந்தப் பக்கமே இல்லாத மாதிரி ஆயிடுச்சு."

"ஆபரேஷன் பண்ணா திரும்ப வந்துடுமா?" என்று கேட்டார் மாஸ்டர்.

"போனது வராது. இருக்கறத காப்பாத்திக்கலாம். டிராப்ஸ் எழுதறேன், ஒரு நாள்கூட விடக் கூடாது."

அந்த டிராப்ஸை அக்காவுக்கு நன்றாகத் தெரியும். கடையில் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்து, "ஒரு நாள்கூட விட்டுடாதீங்க" என்று அதே வார்த்தையை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். வாங்கிக்கொண்டு போனவர்கள் வீட்டில் என்ன நடந்தது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"வண்டி?" என்றார் மாஸ்டர்.

"ஓட்டக் கூடாது."

"ஓட்டல, பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுக்கறது?"

டாக்டர் பேனாவை மூடினாள். "நீங்களே சொல்லுங்க. உங்க பொண்ண இந்தக் கண்ண நம்பி அனுப்புவீங்களா?"

மறுநாள் இருவரும் பஸ் ஏறி டிரைவிங் ஸ்கூலுக்குப் போனார்கள். போனில் சொல்லியாகிவிட்டது என்றாலும் நேரில் போய்ச் சொல்வதுதான் முறை என்று அவரே சொன்னார். ஸ்கூலை நடத்துகிற முதலாளியம்மா மரியாதையாகப் பேசுகிறவள்தான், ஆனால் கோபம் வந்தால் தாட்சண்யம் பார்க்கமாட்டாள்.

"பயந்தவங்க, வயசானவங்க, வீட்ல சண்டை போட்டுக் கத்துக்க வர்ற பொம்பளைங்க, எல்லாரையும் உங்ககிட்டதான் விட்டேன் மாஸ்டர். ஏன்? உங்க கண்ணு மேல எனக்கு அவ்வளவு நம்பிக்க. தெரியாம இருந்திருந்தா அது வேற. தெரிஞ்சும் கழுத்தத் திருப்பிச் சமாளிச்சிருக்கீங்க. ஏதாவது ஒண்ணு ஆகியிருந்தா நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு அவங்க வீட்டுக்குப் போவேன்?"

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வயசு, மங்கல், அழுக்கு என்று எந்தச் சாக்கும் சொல்லவில்லை. "ஆகியிருக்கு," என்றார். "என் வீட்டுக்காரி மேலதான் ஆச்சு." முதலாளியம்மா அக்காவைப் பார்த்தாள். அவள் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பதன் காரணம் அப்போதுதான் புரிந்தது. அதற்கு மேல் திட்டவில்லை. போகும்போது, "வகுப்புல உக்காந்து சிக்னல், போர்டு, விதிமுறையெல்லாம் சொல்லிக் குடுக்க ஆள் வேணும். மனசு ஆறினா வாங்க," என்றாள்.

மனசு உடனே ஆறவில்லை. சில வாரம் அவர் வீட்டோடு கிடந்தார். துவைத்த துணியை மடிப்பார், பிரித்து மறுபடி மடிப்பார். அக்கா பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தாள். அடிபட்ட இடுப்பு ஏறும்போதும் இறங்கும்போதும் சுருக்கென்றது. ஷெட்டில் வண்டி தூசி படிந்து நின்றது. விற்றுவிடலாமா என்று அவர் ஒரு நாள் கேட்டார்.

"எதுக்கு விக்கணும்? நான் ஓட்றேன்," என்றாள் அக்கா.

அவளிடம் லைசன்ஸ் இருந்தது. கல்யாணமான புதிதில் அவர்தான் சொல்லிக் கொடுத்து வாங்கித் தந்தார். வாங்கிய பிறகு ஒரு நாள், ஒரு வளைவில், அவர் போட்ட கூச்சலில் அவள் வண்டியை ஓரமாக நிறுத்தி, சாவியை பானெட் மேல் வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்றோடு சரி.

"திரும்பப் பழகணுமே. நான்..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க இல்ல."

அவருடைய இடத்துக்கு ஸ்கூலில் புதிதாக வந்திருந்தவள், முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டிருந்தவள். சைரன் இல்லாமல் ஓட்டுவதே தனக்கு நிம்மதியாக இருக்கிறது என்று சொல்லிச் சிரிப்பாள். அவளிடம் அக்கா காலை வேளைகளில் பழகினாள். ரோட்டுக்குக் கை சீக்கிரமே திரும்பிவிட்டது. ஷெட்தான் படுத்தியது. ஒரு நாள் அந்த மாஸ்டரம்மாவே வீட்டுக்கு வந்து பார்த்தாள். மாஸ்டர் சமையலறைக் கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் ஒட்டியிருந்ததையும் தொங்கவிட்டதையும் பார்த்து அவள் கிண்டல் செய்யவில்லை.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இது சாரோட சீட்டுக்கும் சாரோட உயரத்துக்கும் வெச்சது. அக்கா குள்ளம், சீட்ட முன்னாடி இழுத்துப் போட்டிருக்காங்க. இந்த டேப்ப வெச்சு வந்தா கோணலாத்தான் வரும்." பிறகு அக்காவிடம் சொன்னாள்: "ரெண்டு பக்கமும் பாத்தா ரெண்டும் தெரியாதுக்கா. உங்க பக்கத்த மட்டும் புடிங்க. ஜன்னல எறக்கி, தலைய வெளிய நீட்டி, கீழ பாருங்க. உங்க கதவு தெறக்கற அளவுக்கு எடம் விட்டுத் தரையில ஒரு கோடு போட்டுக்குங்க. உங்க பக்கச் சக்கரம் அந்தக் கோட்டுல போனா போதும். அந்தப் பக்கம் தானா வந்துடும். கூட வர்றவங்கள வாசல்லயே எறக்கி விட்டுடுங்க."

மாஸ்டர் குனிந்து கோடு போட்டுக் கொடுத்தார். பழைய சிவப்பு டேப்பைப் பிய்த்தெடுத்தார். அன்று ராத்திரி சாப்பிடும்போது, "சரியாத்தான் சொல்றா," என்றார். அதைச் சொல்ல அவருக்கு நிறைய நேரம் தேவைப்பட்டது. அடுத்த திங்கட்கிழமை வகுப்பு எடுக்கப் போனார். முதல் நாள் கரும்பலகையின் இடது ஓரத்தில் எழுதியதை அவரே துடைத்துவிட்டு, வகுப்பில் இருந்தவர்கள் சொன்ன பிறகு மறுபடி எழுதினாராம். வந்து சொல்லும்போது சிரிக்கப் பார்த்தார், பாதியில் விட்டுவிட்டார்.

அக்கா அவரைக் காலையில் ஸ்கூலில் இறக்கிவிட்டுக் கடைக்குப் போவாள். சாயங்காலம் கூட்டிக்கொண்டு வருவாள். வண்டியில் அவர் வாயைத் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். பெரும்பாலும் காப்பாற்றினார். கால் மட்டும் அவ்வப்போது ஒப்பந்தத்தை மீறும்.

ஒரு நாள் கடையில் கூட்டம் தாங்கவில்லை. ஊர் முழுக்கக் காய்ச்சல். அக்கா தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லாமல் நின்றுவிட்டு வந்திருந்தாள். வழியில் மழை பிடித்துக்கொண்டது. வீட்டு வாசலுக்கு வந்தபோது கொட்டோ கொட்டென்று கொட்டியது.

"நான் எறங்கிக்கறேன்," என்றார்.

"நனைஞ்சா காய்ச்சல் வரும். இன்னிக்கு இன்னொரு காய்ச்சலப் பாக்க என்னால முடியாது. உக்காருங்க."

ஜன்னலை இறக்கினாள். மழை முகத்தில் அடித்தது. கோடு தெரியவில்லை. ஒரு குத்துமதிப்பில் உள்ளே விட்டு நிறுத்தினாள். இன்ஜினை அணைத்த பிறகுதான் தெரிந்தது, இடது பக்கம் மெத்தையோடு மெத்தையாக ஒட்டி நின்றிருந்தது. அவர் கதவைத் தள்ளிப் பார்த்தார். விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது.

"சொல்லலாமா?" என்று கேட்டார்.

"வேணாம்."

"சரி."

பின்னால் எடுத்து மறுபடி விட வேண்டும். அவளுக்குத் தெரியும். சாவி மேல் கையை வைத்தாள். கை அங்கேயே இருந்தது. செருப்பைக் கழற்றினாள், சீட்டைப் பின்னால் சாய்த்தாள், ஒரு நிமிஷம் என்றாள். மழை கூரைத் தகரத்தில் இரைந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் வாய் லேசாகத் திறந்துகொண்டது. தூங்கிவிட்டாள்.

அவர் அவளை எழுப்பவில்லை. அவள் அவருக்கு வலது பக்கம் இருந்தாள். நெற்றியோரம் ஒட்டியிருந்த நரைமுடி, கடைக் கோட்டுப் பையில் குத்திய பேனா, ஸ்டீயரிங் மேலிருந்து நழுவி மடியில் விழுந்த கை, எல்லாமே அவருக்குத் தெரிந்தன. எவ்வளவு நாளாக இவள் இவ்வளவு களைத்துப்போயிருக்கிறாள் என்று நினைத்தார். கண்ணில் கோளாறு வருவதற்கு முன்னாலிருந்தே அவர் அந்தப் பக்கம் சரியாகப் பார்க்கவில்லையோ என்னவோ.

மழை குறைந்ததும் அவள் தானாக விழித்தாள்.

"இன்னும் எறங்கலையா நீங்க?"

"எப்படி எறங்கறது?"

அவள் அவருடைய கதவைப் பார்த்தாள். "பின்னாடி எடுத்து நேரா விடறேன் இருங்க."

"வேணாம் விடு. நீ எறங்கு, நான் இப்படியே வந்துடறேன்."

அவள் இறங்கி வழி விட்டாள். அவர் கியர் கம்பியைத் தாண்டி ஒரு காலைப் போட்டார். இன்னொரு கால் வரமாட்டேன் என்றது. பெல்ட் பக்கிள் எங்கோ மாட்டியது. முழங்கை பட்டு ஹாரன் நீளமாக அலறியது. எதிர் வீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்து, "யாருங்க அது?" என்று கத்தினார்கள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள். சிரிப்பில் இடுப்பு வலித்தது, நிறுத்த முடியவில்லை. "ஒண்ணுமில்லீங்க, எங்க வீட்டு மாஸ்டர் எறங்கறாரு," என்று எப்படியோ பதில் சொன்னாள்.

அவர் ஒருவழியாக வெளியே வந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கதவைச் சாத்தினார். இருவரும் படியேறும்போது அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"காலைல சீக்கிரம் போகணும்," என்றாள். "இத வேற வெளிய எடுக்கணும்."

"எடுக்கலாம். மொதல்ல சாப்பிடலாம் வா," என்றார் அவர்.